ஹெவி லைசென்ஸுக்கு எழுத்துத் தேர்வு எங்கே வருகிறது?

பெங்களூரில் கலாசிபாளையம், யஷ்வந்த்பூர் மார்க்கெட் யார்டு, மைசூர் ரோடு டிம்பர் யார்டு என்று லாரி நிற்கிற இடங்களில் வருடம் முழுக்க ஒரு கேள்வி காதில் விழும்: "ஹெவி லைசென்ஸ் பரீட்சைக்கு என்ன படிக்கணும்?" கேட்பவர் பெரும்பாலும் தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்து கிளீனராக வண்டி ஏறிய பையனாக இருப்பார். பதில் ஆளுக்கு ஒன்றாக வரும். கொஸ்டின் பேங்க் முழுவதையும் உருப்போடு என்பார் ஒருவர். பரீட்சையும் கிடையாது, ஒன்றும் கிடையாது, டிரைவிங் ஸ்கூலில் பணத்தைக் கட்டு, மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்பார் இன்னொருவர். இருவர் சொல்வதிலும் பாதி சரி. எந்தப் பாதி என்பதுதான் விஷயம்.

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடலாம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன்படி 18 வயதில் கார் போன்ற இலகுரக வாகனத்துக்கு எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) போடலாம். லாரி, பஸ் போன்ற போக்குவரத்து வாகனம் ஓட்ட 20 வயது நிரம்பியிருக்க வேண்டும். அதோடு, இலகுரக லைசென்ஸ் வாங்கி ஒரு வருடமாவது ஆகியிருந்தால்தான் லாரிக்கு எல்.எல்.ஆரே தருவார்கள் என்கிறது 7-ஆம் பிரிவு. ஆக, யாரும் நேரடியாக லாரிக்குப் போக முடியாது. வாழ்நாளில் கார் ஓட்டவே போகாதவரும் கார் லைசென்ஸ் வழியாகத்தான் லாரி ஏற வேண்டும்.

அடுத்தது, மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் உள்ள 11-ஆவது விதி. நாம் எழுத்துத் தேர்வு என்று சொல்கிற கம்ப்யூட்டர் தேர்வு இதிலிருந்து வருவது. கேட்ட கேள்விகளில் 60 விழுக்காட்டுக்குச் சரியாக விடை சொன்னால் தேர்ச்சி. ஆனால் இதே விதியின் இரண்டாம் உட்பிரிவு, ஏற்கெனவே செல்லுபடியாகும் லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு இந்தத் தேர்விலிருந்து விலக்குக் கொடுக்கிறது. லாரிக்கு எல்.எல்.ஆர். கேட்டு வருபவர் கையில் இலகுரக லைசென்ஸ் எப்படியும் இருக்கும். அப்புறம் எங்கே எழுத்துத் தேர்வு? 18, 19 வயதில் காருக்காக எழுதினாரே, அதுதான் அவருடைய ஒரே எழுத்துத் தேர்வு. ஒயிட்ஃபீல்டில் ஐ.டி. வேலைக்குக் காரில் போகிறவரும், பீன்யாவில் இரும்பு ஏற்றிக்கொண்டு கிளம்பப் போகிறவரும் எழுதுவது ஒரே தாள்.

அமெரிக்காவில் இப்படி இல்லை. அங்கே வணிக லாரி லைசென்ஸுக்குப் பொது அறிவுத் தாள் தனி. ஏர் பிரேக், டிரெய்லர் இணைப்பு, அபாயகரமான சரக்கு ஒவ்வொன்றுக்கும் அந்தந்த வண்டிக்கேற்பத் தனித் தேர்வு. 80 விழுக்காடு எடுத்தால்தான் தேர்ச்சி. இங்கே லாரிக்கான பாடத்தைச் சட்டம் தேர்வில் வைக்காமல் டிரைவிங் ஸ்கூலிடம் ஒப்படைத்திருக்கிறது. ஸ்கூல் ஒழுங்காக நடந்தால் அதில் தவறில்லை. நடக்காவிட்டால், லாரியைப் பற்றி ஒரே ஒரு கேள்விக்குக்கூட விடை சொல்லாமல் ஒருவர் ஹெவி டிரைவர் ஆகிவிட முடியும். இது பெரிய ஓட்டை என்பது என் கருத்து. படிக்க வருகிறவர் இதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. ஏனென்றால், பாஸ் பண்ணப் படிப்பதும் லாரி ஓட்டப் படிப்பதும் இங்கே இரண்டு தனி வேலைகள்.

ஹெவி லைசென்ஸ் யாருக்குத் தேவை என்பதிலும் குழப்பம் இருக்கிறது. உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பர் 6 அன்று ஒரு தீர்ப்பு கொடுத்தது. மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வாகனத்தை இலகுரக லைசென்ஸை வைத்தே ஓட்டலாம், தனி அனுமதி (பேட்ஜ்) வேண்டியதில்லை என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். குட்டி யானை என்கிற டாடா ஏஸும் அதற்கு அடுத்த அளவுச் சின்ன லோடு வண்டிகளும் இதில் அடங்கிவிடும். 7,500-லிருந்து 12,000 கிலோ வரை நடுத்தர வகை, அதற்கு மேல் கனரகம். சிவாஜி நகரில் குட்டி யானை வைத்துப் பிழைக்கிறவர் "பேட்ஜ் இல்லையே" என்று பயப்பட வேண்டாம். ஆறு சக்கர லாரியில் ஏறப் போகிறவருக்குத்தான் இந்த முழுப் பாதையும். படிப்புத் தகுதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. போக்குவரத்து லைசென்ஸுக்கு எட்டாம் வகுப்பு கட்டாயமாக இருந்தது. ஹரியானாவின் மேவாத் பகுதி இளைஞர்களுக்காக அந்த மாநில அரசு வைத்த கோரிக்கையைத் தொடர்ந்து 2019-இல் மத்திய அரசு அதை எடுத்துவிட்டது. ஐந்தாவதோடு நின்றவர் டி.சி.க்கு அலைய வேண்டிய காலம் போய்விட்டது.

சரி, தேர்வுக்கு வருவோம். அந்த 11-ஆவது விதி, நான்கு பகுதிகளைச் சொல்கிறது: சாலைக் குறியீடுகளும் சாலை விதிகளும், விபத்து நடந்தால் டிரைவரின் கடமை, ஆளில்லா ரயில்வே கேட்டைக் கடக்கும்போது எடுக்க வேண்டிய கவனம், வண்டியில் வைத்திருக்க வேண்டிய ஆவணங்கள். எந்த மாநிலமானாலும் கேள்விகள் இந்த நான்கைச் சுற்றித்தான் வரும்.

மதிப்பெண் அதிகம் கிடைப்பதும் தவறு அதிகம் நடப்பதும் குறியீடுகளில்தான். சிவப்பு விளிம்பு வட்டம் என்றால் பெரும்பாலும் தடை அல்லது வரம்பு, மீறினால் அபராதம். சிவப்பு விளிம்பு முக்கோணம் எச்சரிக்கை. நீலச் செவ்வகம் தகவல். இந்த மூன்று வடிவமும் மனதில் நின்றுவிட்டால், படம் புரியாவிட்டாலும் நான்கு விடைகளில் இரண்டைத் தள்ளிவிடலாம். அதற்கு மேல் மாட்டிவிடுபவை ஜோடி ஜோடியாக வருகிற படங்கள். நீல வட்டத்தில் ஒரு சாய்கோடு இருந்தால் பார்க்கிங் கூடாது. இரண்டு கோடு பெருக்கல் குறிபோல் இருந்தால் வண்டியை நிறுத்தவே கூடாது. ரயில்வே கேட் முக்கோணத்தில் வேலிப் படம் இருந்தால் ஆள் இருக்கும் கேட், இன்ஜின் படம் இருந்தால் ஆளில்லாத கேட். எடை வரம்பும் அச்சு எடை வரம்பும் இன்னொரு ஜோடி. முதலாவது வண்டியின் மொத்த எடை, இரண்டாவது ஓர் அச்சின் மேல் இறங்கும் எடை. கார்க்காரருக்கு இந்த வித்தியாசம் ஒரு மார்க். லாரிக்காரருக்கு அது பாலம் தாங்குமா தாங்காதா என்கிற கேள்வி. தும்கூர் ரோட்டில் உள்ள பீன்யா மேம்பாலத்தை 2021 டிசம்பரில் மூடினார்கள். கார்களை அடுத்த சில மாதங்களிலேயே விட்டார்கள், லாரிகளை விட 2024 ஜூலை ஆகிவிட்டது. அவ்வளவு காலமும் பாலத்தின் அடியில் ஊர்ந்த டிரைவர்களுக்கு எடைத் தடை என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

யஷ்வந்த்பூர் யார்டில் வெங்காய லோடு இறங்கும்வரை காத்திருந்த ஒரு வண்டியின் கேபினில் இப்படி ஒரு பாடம் நடந்தது. சங்ககிரி டிரைவர், பக்கத்தில் அவருடைய கிளீனர், பையன் கையில் போன், போனில் குறியீட்டுப் படங்கள்.

"இது என்ன தம்பி?"

"உயரம்ணே. அதுக்கு மேல உசரமான வண்டி போகக் கூடாது."

"எத்தன மீட்டர் போட்டிருக்கு?"

"ரெண்டு."

"ரெண்டு மீட்டர் உசரத்துல எந்த லாரிடா போகும்? நல்லாப் பாரு, முக்கோணம் மேலயும் கீழயும் இருக்கா, ரெண்டு பக்கமும் இருக்கா?"

"பக்கத்துலதாண்ணே இருக்கு."

"அப்ப அது அகலம். மேலயும் கீழயும் வந்தாத்தான் உசரம். ரயில்வே பாலத்துக்கடியில ராடு தொங்குதே, அங்க இந்தப் போர்டு இருக்கும். அடுத்த வாட்டி போறப்ப எறங்கிப் பாரு."

தேர்வுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை. கிளீனர் தினமும் ரோட்டில்தான் இருக்கிறார். ஓசூரிலிருந்து நெலமங்கலா போவதற்குள் குறியீட்டு அட்டவணையில் பாதியைக் கண்ணால் பார்த்துவிடலாம். கார் லைசென்ஸுக்காக வீட்டில் உட்கார்ந்து படிக்கிற கல்லூரிப் பையனுக்கு இந்த வசதி கிடையாது.

ஆளில்லா ரயில்வே கேட் கேள்வி கொஞ்சம் வேடிக்கையானது. சட்டத்தின் 131-ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்றால், வண்டியை நிறுத்த வேண்டும், கிளீனரோ கண்டக்டரோ இறங்கித் தண்டவாளம்வரை நடந்து போய் இரண்டு பக்கமும் ரயில் வரவில்லை என்று பார்த்த பிறகு வண்டியை அழைத்துப் போக வேண்டும், கூட ஆள் இல்லையென்றால் டிரைவரே இறங்கிப் பார்க்க வேண்டும். பெரும்பாலானவர்கள் "ஹாரன் அடித்துவிட்டு மெதுவாகக் கடப்பேன்" என்ற விடையைத் தொட்டு மார்க்கை விடுகிறார்கள். இதில் இன்னொரு விஷயம், அகலப்பாதைத் தடங்களில் இருந்த ஆளில்லாக் கேட்டுகளை எல்லாம் 2019 ஜனவரியோடு எடுத்துவிட்டதாக ரயில்வே அறிவித்துவிட்டது. கேட் போய்விட்டது, கேள்வி மட்டும் இன்னும் போகவில்லை. விடையைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

விபத்துப் பகுதி அப்படி லேசாக எடுத்துக்கொள்ளக் கூடியதில்லை. லாரி டிரைவரின் வாழ்க்கையோடு நேராகத் தொடர்புடையது இந்த ஒரு பகுதிதான். 134-ஆம் பிரிவின்படி, அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்க டிரைவர் முயற்சி எடுக்க வேண்டும், போலீஸ் கேட்கிற தகவலைக் கொடுக்க வேண்டும், அங்கே போலீஸ் இல்லையென்றால் முடிந்தவரை சீக்கிரமாக, எப்படியும் 24 மணி நேரத்துக்குள் ஸ்டேஷனில் சொல்லிவிட வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கூட்டம் அடிக்க வருமே என்றுதான் எல்லா டிரைவரும் கேட்பார்கள். சட்டத்துக்கும் அது தெரிந்திருக்கிறது. கூட்டத்தின் ஆத்திரத்தால் அங்கே நிற்க முடியாமல் போனால் மருத்துவ உதவிக் கடமைக்கு விலக்கு உண்டு என்று அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. உயிர் பிழைக்க அந்த இடத்தை விட்டுப் போகலாம், போய் ஒளிந்துகொள்ளக் கூடாது. நேராக ஸ்டேஷனுக்குப் போய்விட வேண்டும்.

பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். கவனக்குறைவாக ஓட்டி ஒருவர் இறந்து, போலீசுக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ சொல்லாமல் டிரைவர் தப்பி ஓடினால் 10 ஆண்டு வரை சிறை என்று அதன் இரண்டாம் உட்பிரிவு சொல்கிறது. 2024 ஜனவரி முதல் வாரத்தில் நாட்டின் பல பகுதிகளில் லாரிகள் நின்றது இதை எதிர்த்துத்தான். அதே ஆண்டு ஜூலை 1 அன்று புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது இந்த உட்பிரிவை மட்டும் நிறுத்தி வைத்தார்கள். நிறுத்தி வைத்ததால் டிரைவருக்குக் கடமையே இல்லை என்று சிலர் பேசுகிறார்கள். அது தவறு. 134-ஆம் பிரிவு முன்பு இருந்தபடியே இருக்கிறது, தேர்வில் கேட்பதும் அதைத்தான்.

ஆவணங்களில் கேள்வி எளிது. தனியார் கார் என்றால் லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று. போக்குவரத்து வாகனம் என்றால் இதோடு பர்மிட்டும் எஃப்.சி. என்ற தகுதிச் சான்றும் சேரும். டிஜிலாக்கரிலும் எம்பரிவாகன் செயலியிலும் இருக்கிற பிரதி செல்லும் என்று 2018-இலேயே விதியைத் திருத்திவிட்டார்கள். நிஜ ரோட்டில் இதற்கு மேல் சரக்குக்கான இ-வே பில் கேட்பார்கள். 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்கென்றால் பொதுவாக அது வேண்டும். தேர்வில் இது வராது, மாநில எல்லையான அத்திப்பள்ளியில் வரும்.

இனி மொழி. பெங்களூர்த் தமிழர்களுக்கு இதுதான் பாடத்தைவிடப் பெரிய தடங்கல். ஸ்ரீராமபுரத்திலும் நீலசந்திராவிலும் பிறந்து இங்கேயே பள்ளிக்கூடம் போனவர்களுக்குப் பிரச்சினை இல்லை. வேலைக்கு வந்தவர்கள் நாலு வருடத்தில் கன்னடம் சரளமாகப் பேசிவிடுவார்கள், எழுத்து மட்டும் ஓடாது. கர்நாடகாவில் தேர்வை எழுதப் பொதுவாகக் கன்னடமும் ஆங்கிலமும்தான். இரண்டும் படிக்க வராதவர், விடை தெரிந்தும் தோற்பார், ஒவ்வொரு கேள்விக்கும் நேரம் ஓடிக்கொண்டே இருக்கும் என்பதால்.

இதற்கு இரண்டு வழி. ஆதார் முகவரி இன்னும் ஊரிலேயே இருந்தால், கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் உங்கள் ஆர்.டி.ஓ. ஆபீஸில் தமிழிலேயே எல்.எல்.ஆர். தேர்வை எழுதிவிட்டு வருவது. லைசென்ஸ் எங்கே வாங்கினாலும் நாடு முழுவதும் செல்லும். ஒருவர் குடியிருக்கிற அல்லது தொழில் செய்கிற மாநிலத்திலோ, பயிற்சி எடுக்கிற ஸ்கூல் இருக்கிற மாநிலத்திலோ எந்த ஆர்.டி.ஓ.விடமும் விண்ணப்பிக்கலாம் என்று 2019 சட்டத் திருத்தம் தாராளமாகவே சொல்கிறது. இங்கேதான் எழுத வேண்டும் என்றால், பாடத்தைத் தமிழில் படித்துப் புரிந்துகொள்ளுங்கள். விதிகள் மத்திய அரசு விதிகள் என்பதால் தமிழ்நாட்டுக் கேள்வித் தொகுப்பும் கர்நாடகத் தொகுப்பும் உள்ளடக்கத்தில் ஒன்றுதான். புரிந்த பிறகு கர்நாடகத் தொகுப்பை எடுத்துக் கேள்வியின் முகத்தை மட்டும் பழகுங்கள். பி.எம்.டி.சி. பஸ் போர்டைப் படிக்கிற அளவுக்குக் கன்னட எழுத்து வந்துவிட்டால் போதும், குறியீட்டுக் கேள்விகளில் எப்படியும் படம்தான் பேசும்.

தயாராகும் விதத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். "முதல் கேள்விக்கு சி, ரெண்டாவதுக்கு ஏ" என்று விடை எழுத்தை உருப்போடுவதால் பயன் இல்லை, கேள்வியின் வரிசை ஆளுக்கு ஆள் மாறும். அதைவிட, எல்லாக் கேள்விகளிலும் வருகிற ஒரே எண்ணத்தைப் பிடித்துக்கொள்வது சுலபம். யாருக்கு ஆபத்து அதிகமோ அவருக்கு வழி விடு என்பதுதான் அது. பாதசாரிக் கோட்டில் ஆள் நின்றால் நிறுத்து. மலைப்பாதையில் ஏறி வருகிற வண்டிக்கு வழி விடு. ஆம்புலன்ஸ் வந்தால் ஓரம் கட்டு. வளைவிலும் பாலத்திலும் முன்னால் தெரியாத இடத்திலும் முந்தாதே. சந்தேகம் வந்தால் ஹாரன் அடிக்கிற விடையை விட்டுவிட்டு வேகத்தைக் குறைக்கிற விடையைத் தொடுங்கள், பெரும்பாலும் சரியாக இருக்கும். எண்களைத் தனியாகப் படிக்க வேண்டும்: எல்.எல்.ஆர். 6 மாதம் செல்லும், எல்.எல்.ஆர். எடுத்து 30 நாள் கழித்துத்தான் ஓட்டுத் தேர்வு, ரத்தத்தில் ஆல்கஹால் 100 மில்லிக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. சரக்கு வாகனத்தின் வேக வரம்பு 2018 அறிவிக்கையின்படி நான்குவழிச் சாலையில் மணிக்கு 80 கிலோமீட்டர், நகரத்துக்குள் 60, மாநிலம் அதைவிடக் குறைக்கலாம். புத்தகக் கடையில் பழைய கையேடு வாங்கினால் பதிப்பு ஆண்டைப் பாருங்கள். 2019-க்கு முந்தையது என்றால் அபராதத் தொகையும் லைசென்ஸ் காலமும் மாறியிருக்கும்.

ஆதாரை வைத்து வீட்டிலிருந்தே எல்.எல்.ஆர். தேர்வு எழுதும் வசதி வந்த பிறகு, சில பிரவுசிங் சென்டர்களில் உங்களை கேமரா முன்னால் உட்கார வைத்துவிட்டு மவுஸை அவர்களே பிடித்துக்கொள்கிறார்கள். கட்டணம் என்னவோ அரசுக்கு எல்.எல்.ஆருக்கு 150, தேர்வுக்கு 50 என்று சொற்பம்தான். சென்டர்காரருக்குக் கொடுப்பது அதைப்போல் பல மடங்கு. அந்தக் காசுக்குக் கிடைப்பது, வாழ்நாளில் ஒரே ஒரு முறை வருகிற எழுத்துத் தேர்வையும் எழுதாமல் தாண்டிவிடுகிற வசதி.

தேர்வில் கேட்காதது என்ன என்று பார்த்தால்தான் இந்த ஏற்பாட்டின் குறை தெரியும். பெங்களூரிலிருந்து சேலம் போகும் லாரிகள் எல்லாம் தர்மபுரி தாண்டித் தொப்பூர் கணவாயில் இறங்க வேண்டும். அங்கே லாரி பிரேக் பிடிக்காமல் முன்னால் போகும் வண்டிகளை அடித்த செய்தி வராத வருடம் இல்லை. காரணம் பல நேரம் ஒன்றுதான். டீசல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் நியூட்ரல் போடுவது. கியரில் இருக்கும்போது இன்ஜினே வண்டியைப் பிடித்து இழுக்கும், நியூட்ரலில் அந்தப் பிடி போய்விடும். மொத்த எடையும் பிரேக் டிரம்மின் மேல் விழும். டிரைவர் மிதிக்க மிதிக்க டிரம் சூடேறும், சூடேறினால் லைனிங் பிடிப்பு குறையும், குறைந்தால் இன்னும் பலமாக மிதிப்பார். ஏர் பிரேக் வண்டியில் இன்னொரு சிக்கலும் சேரும். ஒவ்வொரு மிதிக்கும் டேங்கில் இருக்கிற காற்று செலவாகும். அதை நிரப்பும் கம்ப்ரஸரை ஓட்டுவது இன்ஜின், நியூட்ரலில் இன்ஜின் மெதுவாகச் சுற்றுவதால் காற்று திரும்ப ஏறுவதும் மெதுவாகும். அழுத்தம் குறைந்தால் எச்சரிக்கை விளக்கு எரியும். அதற்குக் கீழே போனால், காற்றால் விலக்கி வைத்திருக்கும் ஸ்பிரிங் பிரேக் தானாக விழுந்து பின்சக்கரங்கள் பூட்டிக்கொள்ளலாம். ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வது இதற்காகத்தான். ஹெவி லைசென்ஸ் வாங்க இந்தப் பத்தியில் உள்ள ஒரு வரியும் எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

அதேபோல எடை. ஆறு சக்கர லாரிக்கு அனுமதித்த மொத்த எடையை 2018 ஜூலையில் 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாக உயர்த்தினார்கள், பத்துச் சக்கரத்துக்கு 25-லிருந்து 28.5. இதைத் தாண்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவில் 20,000 ரூபாய் அபராதம், அதற்கு மேல் ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் 2,000 ரூபாய். லோடு ஏற்றச் சொன்னது ஓனர், எடை மேடையில் முதலில் மாட்டிக்கொள்வது டிரைவர். ஆர்.சி.யில் மொத்த எடையும் வெறும் வண்டி எடையும் எங்கே எழுதியிருக்கிறது, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் எவ்வளவு லோடு போடலாம் என்று பார்க்கத் தெரியாத ஹெவி டிரைவர்கள் நிறையப் பேர் உண்டு.

இந்தப் பாடங்கள் சட்டத்தில் இல்லாமல் இல்லை. ஸ்கூல்களுக்கான 31-ஆவது விதியில் கனரக ஓட்டுதல் கோட்பாடு, வண்டிப் பராமரிப்பு, தீ ஆபத்து, முதலுதவி, ஏன், மற்றவர்களிடம் எப்படி நடந்துகொள்வது என்பதுகூடப் பாடத்திட்டமாக இருக்கிறது. போக்குவரத்து வாகனத்துக்குக் குறைந்தது 30 நாள் பயிற்சி, அதில் 15 மணி நேரம் கையில் ஸ்டியரிங். முடித்தால் படிவம் 5 என்ற சான்று கொடுப்பார்கள், அது இல்லாமல் ஹெவி லைசென்ஸ் கிடையாது. 2021-இல் கொண்டுவந்த அங்கீகரிக்கப்பட்ட ஓட்டுநர் பயிற்சி மையத் திட்டத்தில் இது 6 வாரம், 38 மணி நேரம். அங்கே தேறியவருக்கு ஆர்.டி.ஓ.வில் ஓட்டுத் தேர்வு வேண்டாம். பாடத்திட்டத்தைக் குறை சொல்ல முடியாது. படிவத்தை மட்டும் விற்கிற ஸ்கூலை எப்படிக் கண்டுபிடிப்பது? பணம் கட்டும் முன் ஒரே கேள்வி கேளுங்கள்: "ஹெவி வண்டியை எங்கே நிறுத்தியிருக்கிறீர்கள், பார்க்கலாமா?" பார்க்க வேண்டாம் என்றால் அங்கே வண்டி இருக்க வாய்ப்பில்லை.

மருத்துவச் சான்று, படிவம் 1ஏ, போக்குவரத்து லைசென்ஸுக்கு எந்த வயதிலும் கட்டாயம். நல்ல வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்தில் இருக்கிற நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா என்பது அதில் ஒரு கேள்வி. கண்ணாடி போட வேண்டியவர் முன்னாலேயே போட்டுக்கொண்டு போவது நல்லது.

எழுத்துப் படிப்பு நிஜமாகவே திரும்பி வருகிற இடம் டேங்கர். ஹொசகோட்டை பக்கம் தேவனகொந்தியில் பெட்ரோல் ஏற்றுகிற வண்டிகளுக்கும், நாமக்கல்லிலிருந்து ஓடுகிற கேஸ் டேங்கர்களுக்கும் ஹெவி லைசென்ஸ் மட்டும் போதாது. 9-ஆவது விதிப்படி மூன்று நாள் பயிற்சி முடித்துச் சான்று வாங்கி லைசென்ஸில் ஏற்ற வேண்டும். அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள ஓர் இந்திய மொழியும் ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. அந்த இந்திய மொழி தமிழாகவே இருக்கலாம், கன்னடம்தான் வேண்டும் என்றில்லை. ஆங்கிலத்திலிருந்து தப்ப முடியாது, டேங்கரின் பின்னால் ஒட்டியிருக்கும் அவசரத் தகவல் பலகை அப்படி. அதில் 1203 என்றிருந்தால் பெட்ரோல், 1202 டீசல், 1075 சமையல் எரிவாயு. வண்டி கவிழ்ந்தால் தீயணைப்பு வீரர் முதலில் தேடுவது இந்த எண்ணைத்தான், அவருக்கு அதைச் சொல்லக்கூடிய முதல் ஆள் டிரைவர். கூடுதல் பேட்டா கிடைக்கும் என்று டேங்கருக்குப் போக நினைப்பவர்கள், லாரி ஓட்டப் பழகும் காலத்திலேயே ஆங்கில எழுத்தைக் கூட்டிப் படிக்கப் பழகிவிட்டால் பின்னால் அலைச்சல் மிச்சம்.

கடைசியாக, புதுப்பித்தல். போக்குவரத்து லைசென்ஸ் 2019-க்கு முன் 3 வருடம் செல்லும், இப்போது 5 வருடம். அபாயகரமான சரக்குக்கான அனுமதி 3 வருடம், புதுப்பிக்க ஒரு நாள் மறுபயிற்சி. முன்பு லைசென்ஸ் முடிந்த பிறகும் 30 நாள் சலுகையாகச் செல்லும். அதே 2019 திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள், பல டிரைவர்களுக்கு இன்னும் தெரியாது. முடிந்த மறுநாள் விபத்து நடந்தால், இன்சூரன்ஸ் கம்பெனி பாதிக்கப்பட்டவருக்குப் பணம் கொடுத்துவிட்டு ஓனரிடம் திருப்பிக் கேட்க வழி உண்டு. அதனால்தான் கொஞ்சம் விவரமான ஓனர்கள் வேலைக்குச் சேர்க்கும்போது லைசென்ஸின் முன்பக்கத்தை விடத் தேதியை உற்றுப் பார்க்கிறார்கள். முடியும் தேதிக்கு ஒரு வருடம் முன்னாலிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிந்து ஒரு வருடம் தாண்டிவிட்டால் மறுபடி வண்டி ஓட்டிக் காட்ட வேண்டும், அதற்கு முன் படிவம் 1ஏ-வும் புதிதாக வாங்க வேண்டும்.